காப்பும் நான்கு எட்டும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, ஹேவாஹெட்டைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வடிவம்மா, கான் என்னும் வடிகாலைத் தாண்டுகையில் வலது பாதம் உட்புறமாக மடங்க, கூடையோடு விழுந்தாள். முதல் நாள் மாலைதான் மாரியம்மன் கோயிலில் அவள் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தீமிதிப்பு. மகள் சஞ்சீவனி டெங்குக் காய்ச்சலில் பிழைத்தெழுந்ததற்காக அவள் வைத்த நேர்த்தி அது.

விழுந்ததை அவள் எவரிடமும் சொல்லவில்லை. காலில் அடிபட்டவர்களைப் பூசாரி தீக்குழியில் இறக்குவதில்லை. பாதத்தைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு அந்திவரை மலையிலேயே நின்றாள். வீட்டில் மறைக்க முடியவில்லை. கணவன் நடராஜா எண்ணெயைச் சூடாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உருவினான்.

"வெறும் சுளுக்குதான். இழுத்து விட்டா சரியாப் போயிரும்."

விடிந்தபோது பாதம் இரண்டு மடங்காகி, வெளியோரம் கருநீலமாகக் கன்றியிருந்தது. பயந்துபோன நடராஜா அவளைத் தோளில் சாய்த்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனான். அம்பிட்டியவிலிருந்து வந்துபோகும் தாதி சுதர்சினி துணியைப் பிரித்தாள்.

"யாரு இதப் பெசஞ்சது?"

"இவருதான், மிஸ்ஸி."

"அண்ணே, இது என்ன ரொட்டி மாவா? அடிபட்ட புதுசுல உருவவும் கூடாது, சூடு காட்டவும் கூடாது. வீக்கம் ஏறத்தான் செய்யும்."

கணுக்காலின் இருபுறத்து எலும்புகளையும் சுதர்சினி விரலால் அழுத்தினாள். வடிவம்மா பொறுத்துக்கொண்டாள். பாதத்தின் வெளியோரத்து நடுவில் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டதும் அவள் கதிரையின் கையைப் பற்றிக்கொண்டு கத்திவிட்டாள்.

"எந்திரிச்சி நாலு எட்டு வைங்க பாப்போம்."

இரண்டாவது எட்டில் வடிவம்மா அலுமாரியைப் பிடித்தாள்.

"எலும்பத் தொட்டா வலிக்குது, நாலு எட்டும் வைக்க ஏலல. இத சுளுக்குன்னு விட முடியாது. கண்டிக்குப் போயி எக்ஸ்ரே எடுக்கணும்."

"காப்புக் கட்டியிருக்கு, மிஸ்ஸி. தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழம எறங்கிட்டு, சனிக்கிழம போறேன்."

"குழியில எத்தன எட்டு?"

"ஒம்பது."

"பின்னால யாரு வர்றா?"

"நம்ம லயத்து வீட்டு வரிசையில இருக்குற நிரோஷினி."

சுதர்சினி குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பாதத்தில் போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள். பிறகு அளவாகக் கட்டுப்போட்டு, விரல் நுனியை அமுக்கி, இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். வடிவம்மாவின் மனமோ குழியின் நடுவில் நின்றது. அங்கே தான் விழுந்தால், பின்னால் வருபவளால் நிற்க முடியுமா?

"என்னையக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் கணவனிடம்.

பூசாரி நடந்ததைக் கேட்டுவிட்டு, மறுப்பாகத் தலையை ஆட்டினார். "எல்லையத் தாண்டணும்னா காப்ப அவுக்கணும், தாயி. அவுத்தா இந்த வருசம் எறங்க முடியாது."

"ஆத்தா முன்னால நாலு எட்டு வச்சிட்டேன்னா எறங்குறேன்."

நடராஜாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குப் பாதத்தை ஊன்றியதும் முழங்கால் மடிந்தது. தரையில் விழுமுன் நடராஜா தாங்கிக்கொண்டான். அவள் அழவில்லை. மணிக்கட்டைப் பூசாரியிடம் நீட்டினாள்.

"அவுத்துருங்க. ஆனா நேர்த்தி நேர்த்திதான். வர்ற வருசம் மொத ஆளு நாந்தான். இப்பவே எழுதிக்கிங்க."

"மனசுல வச்சிக்கிறேன், தாயி."

"மனசுல வச்சா மறந்துருவீங்க. நோட்டுல எழுதுங்க."

பூசாரி எழுதினார். அதன் பின்னரே அவள் காப்பை அவிழ்க்க விட்டாள்.

அன்று பிற்பகல் கண்டியில் எடுத்த எக்ஸ்ரேயில், சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பின் அடிப்பகுதி முறிந்திருந்தது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஆறு வாரம் பிளாஸ்டர் மாக்கட்டு என்றும், மறுபடி காட்டும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றும் வைத்தியர் தீர்மானித்தார். எண்ணெய்ப் போத்தலை நடராஜா இனி எடுப்பதில்லை என்பது வடிவம்மாவின் தீர்மானம். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதிலாக எவரையும் இறக்குவதில்லை என்றும், அடுத்த ஆண்டு வரிசையில் முதற்பெயர் அவளுடையதே என்றும் கோயிலில் முடிவாயிற்று.