கோட்டை வாசலில் நின்ற வேன்

சிற்றாலயத்தில் முழங்காலிடும்போது ஒடெத் முதலில் நன்றி சொல்வது ஆண்டவருக்கு அல்ல, ஒரு திருடனுக்கு. ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய திருடனைச் சொர்க்கத்துக்குக் கையோடு கூட்டிப் போனவர்தானே அவர்!

ஒடெத்தின் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் இலையுதிர்கால மழை விட்டதும் செப் காளான் தலைகாட்டும். பழுப்புத் தொப்பியும் கொழுத்த தண்டுமாக அது நிற்கிற அழகைப் பார்த்துவிட்டால் ஊரில் ஒருவனுக்கும் வேலை ஓடாது. பூண்டும் பார்ஸ்லித் தழையும் போட்டு வதக்கி முட்டையோடு சேர்த்தால் பகையாளிகூட ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவான். ஆனால் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் பதிலாக வரும். அதுதான் அங்கே முறை. உள்ளதைச் சொல்கிறவனைத்தான் ஊர் சந்தேகப்படும். அப்பன் மகனிடம்கூடச் சாகக் கிடக்கும்போதுதான் இடத்தைச் சொல்வான். வாயைத் திறப்பதற்குள் மூச்சு நின்றுபோன அப்பன்களும் உண்டு.

ஒடெத்தின் கணவன் எமிலியேன் இந்த வித்தையில் கரை கண்டவன். குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நீல வேன் ஒன்று மிச்சம் இருந்தது. காளான் நாட்களில் அதை மோர்ஃபோ கோட்டை வாசலில் ஊருக்கே தெரியும்படி நிறுத்துவான். பிறகு வேலிச் சந்துக்குள் நுழைந்து எங்கேயோ போய்விடுவான். கூடை நிறையத் திரும்பி வந்து, "கோட்டைக் குளத்துப் பக்கம், ஓக் மரத்தடியில" என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தச் சாமர்த்தியம் ஊராரிடம் மட்டும்தான் என்று ஒடெத் நினைத்திருந்தாள். கட்டிய பெண்டாட்டியிடமும் அதே பூசணிக்காய்தான் என்பது அந்த அக்டோபர் மாதம்தான் தெரிந்தது.

அன்று காலை காப்பி குடித்துவிட்டுப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. எமிலியேன் பூசையைத் தவற விடுவான், பேரன் பிறந்தநாளைத் தவற விடுவான், மதிய சூப்பை மட்டும் தவற விட்டதே இல்லை. சூப் ஆறி மேலே ஆடை படிந்தது. வசந்த காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. காலையில் போட வேண்டிய மாத்திரை மேசை விரிப்பின் மேல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒடெத் மேலங்கியை மாட்டினாள். மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தன் சின்னக் காரை எடுத்தாள்.

கோட்டை வாசலில் வேன் நின்றது. அவளுக்குப் பாதி உயிர் வந்தது. கூரை எப்போதோ விழுந்துபோன கோட்டை அது. பெரிய கூடத்தில் ஹேசல் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. கோபுரப் படியில் பாதிவரை ஏறினாள், அதற்கு மேல் படி இல்லை. நிலவறை வாசலில் குனிந்து கூப்பிட்டாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது. அகழிக்குள் இறங்கிக் கையெல்லாம் முள்ளில் கீறிக்கொண்டாள். கடைசியில் குளத்தங்கரையில் போய் நின்றாள். கறுத்த தண்ணீரில் ஓக் இலைகள் மிதந்தன. அதற்கு மேல் தனியாகத் தேட அவளுக்குத் தைரியம் இல்லை.

கோட்டைக்கும் காட்டுக்கும் நடுவில் மேட்டின் மேல் இருக்கிறது புனித ரோக் சிற்றாலயம். அதன் சாவி தலைமுறையாக ஒடெத் வீட்டில்தான் தொங்குகிறது, அன்றும் அவள் சாவிக் கொத்தில் இருந்தது. ஓடிப்போய்த் திறந்து மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வேளை கெட்ட வேளையில் அந்த மணி அடித்தால் தீயோ சாவோ என்று அர்த்தம்.

ஊர் வந்தது. மேயர் திருமதி லக்ரோ ரப்பர் பூட்சோடு வந்தார். ரொட்டிக்கடைக்காரன் கை மாவோடு வந்தான். வேட்டைக்காரர்கள் நாய்களோடு வந்தார்கள். போன தேர்தலில் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்காமல் திரிந்தவர்கள்கூட ஒரே டார்ச் விளக்கைப் பகிர்ந்துகொண்டு இறங்கினார்கள். இத்தனை பேர் தனக்கு இருக்கிறார்களா என்று ஒடெத்துக்கு அப்போதுதான் தோன்றியது.

"வேன் கோட்டையில நிக்குது, எல்லாரும் கோட்டைக்கு வாங்க. நீளமா ரெண்டு கழி கொண்டாங்கப்பா" என்றார் மேயர். "ஒடெத், நீ மணிய நிறுத்தாத. சத்தம் கேட்டா அந்தப் பிடிவாதக்காரனுக்குத் திசையாவது புரியும்."

கழி எதற்கு என்று ஒடெத் கேட்கவில்லை. குளத்துக்குத்தான். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்து பனிக்காற்று வீசத் தொடங்கியது.

வாசலில் ஒரு நிழல் தயங்கியது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிர்மேன் நின்றான். அவள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஒரு வால்நட் மரத்தின் கிளை யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் அவனும் எமிலியேனும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. மரம் புயலில் விழுந்த பிறகும் சண்டை விழவில்லை.

"ஒடெத், மணிய நிறுத்து."

"எதுக்கு? குளத்துல கெடச்சுட்டானா?"

"வாயக் கழுவு! அவன் குளத்துலயும் இல்ல, கோட்டையிலயும் இல்ல. அங்க தேடுறது வீண்."

"வேன் அங்கதான நிக்குது?"

"வேன் எப்பவும் அங்கதான் நிக்கும். அவன்தான் எப்பவும் அங்க இருக்கமாட்டான்."

ஒடெத் கயிற்றை விட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்று ஃபிர்மேன் முகத்தில் பார்க்கலாம். பீடத்தில் இருந்த புனித ரோக் சிலையைப் பார்த்தான், அவர் காலடியில் இருக்கும் நாயைப் பார்த்தான், தன் தொப்பியைப் பார்த்தான்.

"பின்னாடியே போயிருக்கேன். ஒரு தடவ இல்ல, வருஷா வருஷம். அவன் விட்டுட்டு வர்ற சின்னக் காளான மறுநாள் நான் போய் வெட்டிருவேன். சில நாள் அவனுக்கு முந்தியே போயிருக்கேன்."

எமிலியேன் ஒவ்வோர் அக்டோபரிலும் பொர்தோ நகரத்து நம்பர் பிளேட் வைத்த கார்க்காரர்களைக் காளான் திருடர்கள் என்று சபித்தது ஒடெத்துக்கு நினைவு வந்தது. பாவம், அந்த ஊர்க்காரர்கள்.

"எங்க இருக்கு அந்த எடம்? கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போறேன். ஆனா நாம ரெண்டு பேரும் அவனத் தூக்க முடியாது. இரு."

அவன் மேட்டின் விளிம்புக்குப் போய், கைகளை வாயருகே குவித்து, கோட்டைப் பக்கம் பார்த்துக் கத்தினான். "எல்லாரும் இங்க வாங்க! அவன் காளான் எடம் எனக்குத் தெரியும்! நான் அங்க திருடியிருக்கேன்!"

கீழே நாய்கள்கூட ஒரு கணம் குரைப்பை நிறுத்தின. அந்த ஊரில் அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனவன் திரும்பி வந்தால் கல்யாண விருந்துக்குக் கூப்பிடுவார்கள். அடுத்தவன் செப் இடத்தில் கைவைத்தவனைச் சாவு வீட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். ஃபிர்மேனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கத்தினான்.

மேடேறி வந்த ஊரார் அவன் பின்னால் கோட்டைக்கு நேர் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். வேலிச் சந்து, அதற்கப்பால் ஃபிர் மரத் தோப்பு, அதற்கப்பால் செஸ்ட்நட் மரங்கள் மண்டிய ஒரு பள்ளம். ஃபிர்மேன் ஓரிடத்திலும் தயங்கவில்லை. பள்ளத்தின் அடியில் எமிலியேன் கிடந்தான். கணுக்கால் திரும்பியிருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் கூடை, மேலே ஒழுங்காகப் பெரணி இலை மூடி.

ஒடெத் அவன் தலையை மடியில் எடுத்து வைத்து மாத்திரையை வாயில் போட்டாள். அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான், பிறகு அவள் தோளுக்கு மேல் பார்த்தான்.

"ஃபிர்மேன்... இந்த எடம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"முதல்ல பொழச்சு வா. அப்புறம் திட்டு."

"ஒடெத்" என்று எமிலியேன் முனகினான், "கூடைய நல்லா மூடு. ஊரே பாக்குது."

அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஃபிர்மேனின் சேறு படிந்த கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவன் தீயைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

விடியும்வரை அங்கேயே கிடந்திருந்தால் குளிரே கொண்டுபோயிருக்கும் என்றார் நகரத்து ஆஸ்பத்திரி மருத்துவர். எமிலியேன் ஒரு மாதம் கட்டிலில் கிடந்தான். ஃபிர்மேன் பார்க்க வரவில்லை. காப்பிக் கடையில் அவன் நுழைந்தால் வேட்டைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டு ஒடெத் நேரே அங்கே போனாள். எல்லார் முன்னாலும் அவனுக்கு ஒரு கோப்பை ஒயின் வாங்கிக்கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எமிலியேன் மட்டும் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலம் வந்தது. மழை விட்ட ஒரு காலையில் எமிலியேன் கைத்தடியை எடுத்தான். "வா, நீயும் வா" என்றான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக. ஒடெத் ஒன்றும் சொல்லாமல் ரப்பர் பூட்சை மாட்டினாள். சொன்னால் மனதை மாற்றிக்கொண்டாலும் கொள்வான். வேனை மட்டும் பழையபடி கோட்டை வாசலில்தான் நிறுத்தினான். நாய் வாலை யார் நிமிர்த்துவது?

பள்ளத்தில் காளான் கொட்டிக் கிடந்தது. ஆனால் பாதிக்கு மேல் முற்றித் தொப்பி பஞ்சாகிப் புழு வைத்திருந்தது. யாரும் கை வைக்கவில்லை. எமிலியேன் தடியால் ஒன்றைத் தட்டினான். முகம் சிவந்தது.

"பாத்தியா? இந்த வருஷம் அவன் வரவே இல்ல!"

திரும்பும் வழியில் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கூடையோடு ஃபிர்மேன் வீட்டுக் கதவைத் தடியால் இடித்தான். ஒடெத் பின்னால் நின்றாள்.

"ஏன்டா வரல?"

ஃபிர்மேன் தரையைப் பார்த்தான். "வெக்கமா இருந்துச்சு."

"இவனுக்கு வெக்கமாம்! செப் எல்லாம் புழு தின்னுது, இவனுக்கு வெக்கமாம். டேய், எனக்கு வயசாகுது. நாளைக்கு நான் மறுபடி விழுந்தா எந்த எடத்துல தேடணும்னு யாருக்குடா தெரியும்? ஒழுங்கா வந்து திருடு!"

கூடையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் நன்றி சொல்லும் விதம் அவ்வளவுதான். ஃபிர்மேன் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒடெத் பார்த்தாள், பார்க்காதது போலக் கணவனின் பின்னால் போனாள்.

மறுநாள் காலை சிற்றாலயத்தைத் திறக்கப் போகும்போது ஒடெத் கோட்டைப் பக்கமாகக் காரை ஓட்டினாள். வாசலில் நீல வேன் நின்றது. அதை ஒட்டி, ஊருக்கே தெரியும்படி, ஃபிர்மேனின் பழைய சாம்பல் நிறக் காரும் நின்றது. இரண்டு பேரும் அங்கே இல்லை.