சாமைப் பாக்கெட்டில் சிரிக்கிறவர்

போன் வந்தபோது பூங்கோதை மகளிர் சங்கக் கொட்டகையில் சாமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆலங்காயம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து அருணா என்கிற பெண் பேசினாள். அவள் புருஷன் அர்ச்சுனனுக்குப் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறதாம், இன்னிக்காவது வருவாரா என்று கேட்டாள்.

இன்னிக்காவது.

பூங்கோதையின் விரல் முறத்தில் நின்றது. அர்ச்சுனன் காலை ஏழு மணி பஸ்ஸுக்கே கிளம்பிப் போயாகிவிட்டது. போன வியாழக்கிழமையும் போனார், அதற்கு முந்தின இரண்டு வியாழக்கிழமையும் போனார். அருணா ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: முதல் தடவை வந்து எக்ஸ்ரே எடுத்ததோடு சரி. அதற்கப்புறம் அந்த மனிதர் வாயை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

அப்படியானால் மூன்று வாரமாக வீட்டுக்கு வந்து, "கீழ் வலப்பக்கம் முடிஞ்சிது", "மேல் இடப்பக்கம் முடிஞ்சிது" என்று கணக்காகச் சொன்னாரே? வாய் வலிக்கிறது என்று கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் குடித்தாரே? கோபம் முதலில் வந்தது. கோபத்தின் பின்னாலேயே பயம் வந்தது. அவருடைய போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே போகிற குட்டியானை வண்டியை வழிமறித்து முன் சீட்டில் ஏறினாள். ஓட்டுகிறவன் பூவரசன், முறைக்குத் தம்பி. விஷயத்தைப் பாதி சொன்னாள். அவன் மீதியைத் தானாகப் போட்டுக்கொண்டான்.

"இன்னாக்கா, மாமனுக்குக் கீழ வேற வூடு எதுனா இருக்குதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

வேறு வீடு இருந்தால்கூடப் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. காவலூர் தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள், மதகுத் திண்டைப் பார்த்தாள், மர நிழலில் யாராவது சரிந்து கிடக்கிறார்களா என்று பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வரைக்கும் இப்படிப் பார்க்கத் தெரியாது. அப்போது அவர் மேட்டில் ஏறும்போது வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். நூறு அடியில் மூன்று தடவை கட்டுவார். இடுப்பு சிறுத்துவிட்டதோ என்று நினைத்தாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் வேட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது.

ரத்தக்குழாயில் பாதி அடைப்பு. இப்போதைக்கு மாத்திரை, மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியாக வேண்டும், இறங்காவிட்டால் அடுத்தது என்ன என்று பிறகு பேசலாம் என்றார் இதய டாக்டர். கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார். அர்ச்சுனன் திறந்தார். டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். ஈறு முழுக்கச் சீழ். இதை வைத்துக்கொண்டு சர்க்கரை அடங்குவது கஷ்டம், இந்த வீக்கம் ரத்தக்குழாயையும் சும்மா விடாது என்றார். ஈறைச் சுத்தம் செய்தால் இதயம் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இதை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் பாதி வேலைதான் என்றார். பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது என்று அர்ச்சுனன் ஒரு வருஷமாக விளக்குவதையே நிறுத்தியிருந்தார். அதை டாக்டரிடம் ஏதோ சிக்கனமான யோசனை மாதிரிச் சொன்னார்.

மூன்று மாதத்தில் இன்னும் மீதி இருப்பது நாலு வாரம். பூங்கோதை டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலங்காயத்தில் இறங்கியதும் நேரே பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஹாலில் ஆறேழு பேர். அவர் இல்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தம், டீக்கடை, மருந்துக்கடை என்று ஒரு சுற்று. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கலாமா என்று திரும்பியபோதுதான் பார்த்தாள். பல் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, பூட்டிக் கிடந்த உரக்கடையின் படியில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அர்ச்சுனன் பாதி எழுந்தார். உடனே ஒரு பெண் குழந்தையோடு உள்ளே நுழைந்தாள். மறுபடி உட்கார்ந்தார்.

பூங்கோதை போய் முன்னால் நின்றாள்.

"இன்னாமே, நீ இங்க?"

"நீங்க இன்னா பண்றீங்க இங்க?"

அவர் பையின் காதை முறுக்கினார். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, கதவைப் பார்த்தபடியே சொன்னார். முதல் நாள் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆள் உற்றுப் பார்த்திருக்கிறார். நீங்க அந்தச் சாமைப் பாக்கெட்டுல சிரிக்கிறவர்தானே, எங்க வீட்டில் ஆறு மாதமாக அதுதான், உங்களுக்குமா சுகர் என்று கேட்டிருக்கிறார். துணைக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு அர்ச்சுனன் எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்தப் படியில் உட்கார்ந்து, ஹால் காலியாகும் வரை காத்திருந்திருக்கிறார். ஹால் காலியாகவே இல்லை. மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்.

பூங்கோதை முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தாள்.

சங்கத்துச் சாமைப் பாக்கெட்டில் இருக்கிற அந்தப் படம் அவள் யோசனை. மலையில் எல்லாரையும்விட வெள்ளையான பல்வரிசை அவருக்குத்தான் என்று அவளேதான் நிற்க வைத்து எடுக்கச் சொன்னாள். படத்துக்குக் கீழே இருக்கிற வரியும் அவளுடையது: 'எங்க மலைச் சாமை, சர்க்கரை கிட்டவே வராது.' பாக்கெட் அச்சாகி ஐந்து மாதத்தில் மருத்துவ முகாமில் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றார்கள். சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சாமை தின்கிற மலைக்காரனுக்குச் சர்க்கரை வராது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. விளைகிற சாமையெல்லாம் பாக்கெட்டில் ஏறிக் கீழே போய்விடும். வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான்.

"படத்த எடுத்துடலாம்ங்க," என்றாள்.

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க. இருவது பொம்பளைங்க பொழப்பு அது. என் வாய் நாத்தத்துல அது போவணுமா?"

"செத்துட்டா மட்டும் கேக்க மாட்டாங்களா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று தெரிந்தது. உரக்கடைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் தலையைத் தூக்கினார். அர்ச்சுனன் கீழே பார்த்தார். எழுந்தார். ரோட்டைக் கடக்கும்போது நடுவில் நின்று வேட்டியில் கை வைத்தார். அவள் வருகிற வண்டிக்குக் கையைக் காட்டிக்கொண்டு, அவர் மூச்சு திரும்பும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

ஹாலில் ஏழு பேர் இருந்தார்கள். அர்ச்சுனன் சுவர் ஓரமாக, முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்துவிடலாம் போலிருந்தது. அருணா உள்ளேயிருந்து சீட்டோடு வந்தாள்.

"அர்ச்சுனன் யாருங்க? சுகரு, ஹார்ட் மாத்திர, ரெண்டும் சாப்புடுறவரு? காலைல டிபன் சாப்ட்டீங்களா? மாத்திர சீட்டு எடுத்தாந்தீங்களா?"

அவள் தன் வேலையைச் செய்தாள். ஆனால் ஏழு தலையும் திரும்பின. பச்சைச் சேலை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண் கண்ணைச் சுருக்கினாள். பார்க்கிறாள், யோசிக்கிறாள், கண்டுபிடித்துவிட்டாள். அர்ச்சுனனின் கை பையை எடுத்தது. உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்தது.

பூங்கோதை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இவருதாங்க," என்றாள் அருணாவிடம். பிறகு பச்சைச் சேலையைப் பார்த்து, "பாக்கெட்டுல இருக்கறதும் இவருதான். இவருக்கும் சக்கர இருக்குது."

அந்தப் பெண் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப கிட்டவே வராதுன்னு போட்டிருக்குதே?" என்றாள் அந்தப் பெண். சண்டை இல்லை அந்தக் குரலில். ஏமாந்தவளின் குரலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் பூங்கோதையைக் குத்தியது.

"தப்பா போட்டுட்டோம்ங்க. நான்தான் போட்டேன்."

அர்ச்சுனன் அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. நன்றியா, இப்படிச் சொல்லிவிட்டாயே என்பதா, அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டு, பையை அவள் மடியில் வைத்துவிட்டு, உள்ளே போனார்.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக நாற்காலியின் கடைசியும் அவருடைய இரண்டு பாதங்களும் தெரிந்தன. உள்ளே டாக்டர் மாத்திரைச் சீட்டைப் படித்துப் பெயர் பெயராகக் கேட்டார், விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார், இன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் என்றார். பிறகு மெஷின் சத்தம் எழுந்தது. பாதங்களின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. சத்தம் நின்றது. விரல்கள் பிரிந்தன. மறுபடி சத்தம். மறுபடி இறுக்கம்.

இருபது பேருக்கு என்ன பதில் சொல்வது என்று பூங்கோதை யோசித்தாள். அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிற பாக்கெட்டுகளை யோசித்தாள். எதையும் முழுசாக யோசிக்க முடியவில்லை. மெஷின் ஒவ்வொரு தடவையும் நடுவில் வந்து வெட்டியது.

பச்சைச் சேலை பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சாமைய நிறுத்திடட்டுமா நானு?"

"வேணாங்க. அரிசிக்கு இது தேவல, சக்கர கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனா அளவா தின்னணும். மாத்திரைய வுட்டுடாதீங்க. ஈறுல ரத்தம் வந்தா…"

மெஷின் நின்றுவிட்டிருந்தது. இந்தத் தடவை நீளமாக. பூங்கோதை பேச்சை நிறுத்திவிட்டு இடுக்கைப் பார்த்தாள். பாதங்கள் இரண்டும் அசையாமல், விரல்கள் விரிந்து, மேலே பார்த்துக் கிடந்தன. மடியிலிருந்த பை சரிந்து விழ, எழுந்து நின்றாள்.

உள்ளே டாக்டரின் குரல், சாதாரணமாக: "எழுந்து துப்புங்க."

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது பாதம் மட்டும் நாற்காலியின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, தரை எங்கே இருக்கிறது என்று காற்றில் தேடியது.