மெர்சி போட்ட மட்டம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே உள்ள நாற்பத்தொரு கிணறுகள் மெர்சியின் கம்ப்யூட்டர் சொன்னபடி நடக்கத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று மழை இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போயிருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அந்தக் கிணறுகள் அவளை மதித்ததே இல்லை. கடம்பத்தூரில் கூலி வேலை பார்க்கும் தேசப்பனின் ஒரே மகள். ஜியாலஜி படித்துவிட்டுத் திருவள்ளூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த சுப்பராயனின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். கம்பெனிகளுக்கு நிலத்தடி நீர் அறிக்கை எழுதிக் கொடுக்கும் அலுவலகம் அது. மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் போய் கிணறு கிணறாக டேப்பை இறக்கி மட்டம் அளப்பாள். மீதி நாளெல்லாம் மாடல் போடக் கற்றுக்கொண்டாள். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எந்தச் சதுரத்தில் மணல், எதில் களி, மழை எவ்வளவு இறங்கும், மோட்டார் எவ்வளவு இறைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் காட்டும் மட்டமும் கிணற்றில் அளந்த மட்டமும் ஒன்றாகும்வரை அந்த எண்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "ஒத்துப்போச்சின்னா மாடலு. இல்லாட்டி கலர் படம், மாட்டி வெச்சிக்க வேண்டியதுதான்" என்பார் சுப்பராயன்.

மெர்சியுடையது கலர் படமாகவே இருந்தது. ஏழு கிணறுகளில் இரண்டு மீட்டர் வித்தியாசம் வந்தது. எண்களை எத்தனை தடவை மாற்றியும் சரியாகாமல், கண் எரிய, அப்படியே விட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு கிணறுகளும் மாடல் காட்டிய மட்டத்துக்கு வந்திருந்தன, ஒரு சென்டிமீட்டர் பிசகாமல். அவள் வீட்டிலிருந்தே அளவு எழுதிக் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்த சுப்பராயன் மறுநாள் தானே போய் அளந்தார். திரும்பி வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். "ரிப்போர்ட்ட எழுதிடும்மா" என்றார்.

விஷயம் ஊர்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. கத்தரிக்காய், வேர்க்கடலை என்று பையோடு மாடியேறி வந்து, கால் மீட்டர் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு சதுரத்தில் ஏற்றினால் இன்னொரு சதுரத்தில் இறங்கியது. உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் சமமாகாவிட்டால் மாடல் முடியாமல் பாதியில் நின்றுவிடும். ஒருவருக்குக் கொடுத்ததை யாரிடமிருந்து எடுத்தோம் என்பது திரையில் தெரியும் என்பதால் மெர்சி மூன்று மாதத்தில் அந்த வேலையை நிறுத்திவிட்டாள்.

2022 கோடையில் ஒரு சாயக் கம்பெனியின் பின்பக்கத்துக் குழியிலிருந்து மஞ்சள் தண்ணீர் பூமிக்குள் நகர்வது தெரியவந்தது. தோலைப் புண்ணாக்கி, ஈரலைத் தின்னும் தண்ணீர். பதினோரு மாதத்தில் அது பனமேட்டுக் கண்டிகையின் குடிநீர்க் கிணற்றைச் சேரும் என்று மாடல் சொன்னது. அறுபத்திரண்டு வீடுகள். கம்பெனி மேனேஜர் துளசிராமன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

"கண்டிகைக்குப் போவாதுன்னு எழுதிடுங்க மேடம். அந்த மஞ்சக் கோட்ட வேற பக்கமா திருப்பி வுட்ருங்க. ஸ்கிரீன்லதான?"

"ஸ்கிரீன்ல திருப்பினா தரைலயும் திரும்பும் சார்."

"தெரியும். அதான் உங்க கிட்ட வந்தேன்."

அவர் போனபிறகு மெர்சி, சேமிக்காமல், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருவருடைய கிணறு இருந்தது. நஞ்சின் அளவுக்கு நேராகப் பூஜ்யம் போட்டுப் பார்த்தாள், மாடல் நின்றுவிட்டது. அதை நகர்த்த முடிந்தது, அழிக்க முடியவில்லை. கடைசியில், இல்லாத ஒரு மோட்டாரைக் கம்பெனிக் குழிமேல் வைத்து மஞ்சளைப் பின்னுக்கு இழுத்தாள். இழுத்ததில் மட்டம் கடற்கரைவரை சரிந்தது. சரிந்த இடத்தில் கடல் ஏறியது. பழவேற்காட்டுப் பக்கம் நொச்சித்திட்டில் முதலில் உப்பு. பிறகு கண்டிகையிலும் உப்பு.

கண்டிகைக்குப் போய், ஷிப்டு முடிந்து வந்தவர்களைக் கூட்டி, மஞ்சள், உப்பு இரண்டையும் சொன்னாள். ரோலிங் மில்லில் கூட்டிப் பெருக்கும் அஞ்சம்மாள் முதலில் பேசினாள்.

"உப்புன்னா வாயில வெச்சதும் தெரிஞ்சிடும். துப்பிட்டு லாரித் தண்ணிக்கு நின்னுக்கலாம். அந்த மஞ்சளு கெணத்துக்கு வரதுக்குள்ள கலரு போய், வாயில தெரியாதாமே. தெரியாத குடிச்சிக்கினே இருப்போமே பாப்பா. உப்பே வரட்டும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நொச்சித்திட்டுக்கு மெர்சி போகவில்லை. ஸ்கூட்டியை அந்தப் பாதை பிரியும் இடம்வரை ஓட்டிப்போய், கொஞ்ச நேரம் நின்று, திருப்பிக்கொண்டு வந்து, மோட்டார் வைத்த மாடலைச் சேமித்தாள்.

மறுவாரம் சாயக் கம்பெனி முற்றத்தில், மோட்டாரும் குழாயும் இல்லாமல், மஞ்சள் ஊற்று ஒன்று கிளம்பியது. சிமெண்ட் போட்டு அடைத்தார்கள். ஒரு கெஜம் தள்ளிக் கிளம்பியது. ஆறுமுறை அடைத்தபின் தொட்டி கட்டிச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தார்கள். துளசிராமனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சுப்பராயனுக்குக் கம்பெனி வேலைகள் வருவது நின்றது. அவர் மெர்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொண்டார். திங்கட்கிழமைதோறும் மாடலை ஓட்டாவிட்டால் மஞ்சள் மறுபடி கிழக்கே நகர்ந்தது. அதனால் அவள் எந்தத் திங்கட்கிழமையும் எங்கும் போனதில்லை. அரக்கோணத்திலிருந்து வந்த சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போனது.

2024 ஜனவரியில், நொச்சித்திட்டில் வலைச் சாமான் கடை வைத்திருந்த அமீருதீன் மாடியேறி வந்தார். அவர்கள் ஊரில் தெருக் கிணறுகளெல்லாம் உப்பாகி, பள்ளிவாசல் கிணறு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. திரையில் தன் வீடு எந்தச் சதுரம் என்று கேட்டார். காட்டினாள். அந்தச் சின்னச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிகைல போய் கேட்டியாமே."

"கேட்டேன்."

"எங்கள இன்னாத்துக்கு கேக்கலம்மா?"

"நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றாள் மெர்சி.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். பள்ளிவாசல் கிணற்றுக்கு எப்போது உப்பு வரும் என்று மட்டும் கேட்டார். பிப்ரவரி ஒன்பது, மத்தியானம், என்றாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதியைத் தேடினார்.

"வெள்ளிக்கெழமயா வருது. ஜும்மாவுக்கு எல்லாரும் ஒளு செய்ய வருவாங்க. சனிக்கெழம ஆக்கிக் குடு."

மெர்சி கடலோரத்துக் களிமண்ணின் எண்ணில் ஒரு புள்ளியை மாற்றி மாடலை ஓட்டினாள். கணக்கு முடிந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒன்பதாம் தேதி நொச்சித்திட்டில் இருந்த குடம், அண்டா, ஐஸ்பெட்டி, படகுத் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். தொழுகைக்கு வந்தவர்கள் அந்தக் கிணற்றில் நிதானமாகக் கைகால் கழுவிக்கொண்டார்கள். பத்தாம் தேதி காலை பத்தே கால் மணிக்குத் தண்ணீர் உப்பாகியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வாளியை மேலே எடுத்து, கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, லாரி வரும் பக்கம் போய் வரிசையில் நின்றார்.