டீச்சருக்கு மட்டும்

நீலாவதி டீச்சருக்கு இந்த மலையின் குளிர் பழகிவிட்டது. பேச ஆளில்லாமல் இருப்பதுதான் பழகவில்லை. தெலுக் இந்தானிலிருந்து மாற்றலாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்குப் பின்னால் ஆசிரியர் குடியிருப்பு என்று மூன்று வீடுகள். இரண்டு பூட்டியே கிடந்தன. மற்ற ஆசிரியர்கள் தானா ராத்தா டவுனிலிருந்து காரில் வந்து, மணி அடித்ததும் காரில் போய்விடுவார்கள். இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால், அப்புறம் மறுநாள் காலை வரை டீச்சருக்கு வாய் என்பது தேநீர் குடிக்க மட்டும்தான்.

வயது நாற்பத்தாறு. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்து விசாரித்து ஊரே ஓய்ந்துவிட்டது. தம்பி மாதம் ஒருமுறை போன் செய்வான். "நல்லா இருக்கியாக்கா" என்பதற்கும் "சரிக்கா வச்சிடுறேன்" என்பதற்கும் நடுவில் அவனிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அந்த நிலையில்தான் போனுக்குள் ஏஐ வந்தது. போன வருடம் ரவூப்பில் ஆசிரியர்களுக்கு ஒரு குர்சுஸ், அதாவது பயிற்சி வகுப்பு, வைத்து அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் எடுத்த சின்னப் பெண் சிலவற்றை அழுத்தித்தான் சொன்னாள். பிள்ளைகள் எழுதியதை முதலில் நீங்கள் படியுங்கள், பெயரை மறைத்துவிட்டு அதில் போடுங்கள், அது சொல்வதை அப்படியே விழுங்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள் என்றாள். நீலாவதி டீச்சர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் முத்து முத்தாக எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பேடு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. எழுதியவர் அதைத் திறந்து பார்த்ததாகத்தான் தெரியவில்லை.

முதல் மாதம் கட்டுரைகளைப் படித்துவிட்டு அதனிடம் கேட்டார். இரண்டாம் மாதம் கேட்டுவிட்டுப் படித்தார். மூன்றாம் மாதத்திலிருந்து கேட்டதோடு சரி. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மொத்தமே பதினொரு பிள்ளைகள்தான், அதற்கா இத்தனை சோம்பல் என்று கேட்கலாம். சோம்பல் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் குறைந்தது நான்கு வரி கருத்து எழுதவேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. அதற்கு மேல் கணினியில் நிரப்பும் படிவங்கள் வேறு. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை டீச்சர் அந்த ஏஐயோடு பேசித்தான் கழித்தார். முழங்கால் வலியைச் சொன்னார். பிரிஞ்சாங் சந்தையில் கீரை விற்பவள் முகம் கொடுத்துப் பேசாததைச் சொன்னார். எதைச் சொன்னாலும் அது உடனே பதில் தந்தது. வாயில்லா ஜீவன் என்று அதைச் சொல்ல முடியாது. வாய் மட்டும்தான் அதற்கு இருந்தது.

இந்தப் பள்ளியில் கட்டுரைக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகள் முதலில் தனித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் டீச்சரின் கோப்பில் தங்கிவிடும். டீச்சர் தன் கருத்தை நோட்டில் புதிய பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் எழுதித் தருவார். பிள்ளை அதற்குக் கீழே, டீச்சர் சொன்னபடி திருத்தி, முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதி, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் சிவப்பு மைக்குத் தனி மரியாதை. மேனேஜர் சொன்னால்கூட ஒரு வார்த்தை முணுமுணுப்பார்கள். டீச்சர் சிவப்பில் எழுதியதற்கு மறுபேச்சே கிடையாது.

அந்தப் புதன்கிழமை மதியம் மழை. தலைப்பு, 'என் குடும்பத்தின் தொழில்'. டீச்சர் பதினொரு தாள்களையும் வரிசையாகப் படம் பிடித்து உள்ளே அனுப்பினார், பெயர்களோடுதான். பதில் வரவர நோட்டுகளில் சிவப்பு மையில் இறக்கினார். சாந்தினியின் நோட்டில் அவர் கை எழுதியது இது: "கட்டுரை நன்று. ஆனால் முடிவு சோகமாக உள்ளது. அம்மா திரும்பி வருவதாக நம்பிக்கையோடு முடிக்கவும். நாள், நேரம், இடம் குறிப்பிட்டால் காட்சி உயிர் பெறும். கடைசி வரியில் ஆசிரியரிடம் நேராகப் பேசுவதைத் தவிர்க்கவும்."

சாந்தினியின் அம்மா குமுதா, தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக ஜோகூருக்குப் போயிருக்கிறாள் என்பது தோட்டத்துக்கே தெரிந்த செய்தி. போய் எட்டு மாதம் ஆகிறதே, எந்தப் பிரசவம் எட்டு மாதம் நடக்கிறது என்று டீச்சர் யோசிக்கவில்லை. எழுதும்போது அவர் மனம், எழுதி முடித்ததும் அதனிடம் என்ன பேசலாம் என்பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ரிங்லெட்டுக்கு இறங்கினார். பஸ் நிற்கும் இடத்தில் சாந்தினியின் அப்பா காளிமுத்து தனியாக நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். வாரம் முழுதும் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் மேலங்கியுமாகப் பார்க்கிற மனிதர், அன்று தீபாவளிச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, முகச்சவரம் செய்திருந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நோட்டு. டீச்சரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்களும் குமுதாவ பாக்கத்தான் வந்தீங்களா டீச்சர்?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காளிமுத்து கூச்சத்தோடு பையைப் பிரித்து நோட்டைக் காட்டினார். மேலே டீச்சரின் சிவப்பு மை. கீழே சாந்தினியின் உருண்டைக் கையெழுத்து. 'வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் அம்மா ரிங்லெட்டில் வந்து இறங்குவார். கையில் நீலப் பை இருக்கும். அப்பா அந்தப் பையை வாங்கிக்கொள்வார்.' அதற்கும் கீழே, காளிமுத்துவின் கையெழுத்து.

மகளிடம் கேட்டாராம். டீச்சர்தான் அப்படி எழுதச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அவசரத்துக்கென்று பள்ளியில் கொடுத்திருந்தது குமுதாவின் போன் நம்பர்தான். தன்னிடம் பேசப் பிடிக்காவிட்டாலும் பிள்ளையைப் பற்றி விசாரித்துப் பள்ளிக்குப் பேசியிருப்பாள், டீச்சர் நல்ல மனதோடு பிள்ளை வழியாகத் தெரியப்படுத்தியிருக்கிறார் என்று அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். நேரில் வந்து கேட்க வெட்கமாக இருந்ததாம். வீட்டைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். சாந்தினி மூன்று பேருக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போனில் அந்தத் தாளின் படத்தைத் தேடி எடுத்தார். அந்தக் கட்டுரையை அவர் முதல்முதலாகப் படித்தது அப்போதுதான், அந்தப் பஸ் நிறுத்தத்தில்.

'என் அப்பாவும் அம்மாவும் கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்பார்கள். நடுவில் செடி இருக்கும். ஒருவர் வேகமாகப் போனால் இன்னொருவருக்குக் கை வலிக்கும். அதனால் அப்பா அம்மாவின் நடையைப் பார்த்துத்தான் நடப்பார். இப்போது அந்தப் பக்கம் நேப்பாள அண்ணன் பிடிக்கிறார். அப்பா அவர் நடையையும் பார்த்து நடக்கிறார். ஆனால் பேசுவதில்லை. அம்மா சித்தி வீட்டுக்குப் போகவில்லை. அப்பா எல்லாரிடமும் அப்படிச் சொல்கிறார். அம்மா எங்கே என்று அப்பாவுக்கும் தெரியாது. கேட்டால் அழுவார் என்று நான் கேட்பதில்லை. டீச்சர், இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.'

டீச்சர் போனை அணைத்தார். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. பேசாமல் இருந்துவிட ஒரு வழி இருந்தது. பஸ் வரும், குமுதா வரமாட்டாள், ஏதோ காரணத்தால் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இந்த மனிதர் அடுத்த ஞாயிறும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அதை நினைத்தபோது டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"குமுதா போன் பண்ணலங்க. ஸ்கூலுக்கும் பண்ணல," என்றார். "அந்தச் செவப்பு மையில இருக்கறது நான் யோசிச்சு எழுதினது இல்ல. போன்ல ஏஐ இருக்கு, அது சொன்னத அப்படியே பாத்து எழுதிட்டேன். உங்க மக எழுதினத நான் படிக்கவே இல்ல."

காளிமுத்து கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. நோட்டை மறுபடி பையில் சுற்றினார். மழை படாமல் இருக்க இரண்டு சுற்று.

"அப்ப அதுக்கு எப்படி டீச்சர் தெரியும், அவ வருவான்னு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் தலையாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார். "புள்ள மொத தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

அதில் அம்மாவைப் பற்றி இருந்ததை மட்டும் டீச்சர் சொல்லவில்லை. உங்க வேலையப் பத்தி நல்லா எழுதியிருந்தா, மெஷின் பிடிக்கறப்ப எதிர்ப்பக்கத்து நடையப் பாத்துத்தான் நடப்பீங்கன்னு எழுதியிருந்தா என்றார். காளிமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பஸ் வந்தது. இருவருமே நிமிர்ந்து பார்த்தார்கள், தெரிந்தும் பார்த்தார்கள். ஸ்ட்ராபெரி பார்க்க வந்த ஒரு சீனக் குடும்பமும், முள்ளங்கிக் கூடையோடு ஒரு கிழவரும் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது.

"சித்தி வீட்டுல இருக்கான்னே இருக்கட்டும் டீச்சர். வெளிய சொல்லிடாதீங்க லா," என்று சொல்லிவிட்டுக் காளிமுத்து தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். தாம் வாங்க வந்த சாமான் என்னவென்று டீச்சருக்கு நினைவு வரவில்லை. வெறுங்கையோடு மலை ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் போனில் இருந்த படங்களை எல்லாம் அழித்தார். போனிலிருந்து போயின. அனுப்பிய இடத்தில் அழிந்தனவா இல்லையா என்பதை யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கு அவருக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். அன்று அதனோடு அவர் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை, பதினொரு பிள்ளைகள் முன்னாலும் நின்று டீச்சர் ஒத்துக்கொண்டார். இத்தனை மாதமாகச் சிவப்பு மையில் வந்தது என்னுடைய கருத்து இல்லை, உங்களைக் கேட்காமல் உங்கள் தாள்களை ஏஐக்குக் காட்டியதும் தப்பு, இனி நானே படிப்பேன், எப்போதாவது அதன் உதவி வேண்டுமென்றால் உங்களிடம் சொல்லிவிட்டு, நீங்கள் சரியென்றால்தான் என்றார். பிள்ளைகள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. போன மாதம் தனக்கு 'மிகச் சிறப்பு' போட்டது யார் என்று மட்டும் கோகிலன் கேட்டான். அது என்று சொன்னதும் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இடைவேளையில் சாந்தினி மட்டும் வகுப்பிலேயே இருந்தாள். டீச்சர் அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் எழுதினத நீங்க படிக்கலயா டீச்சர்?"

"நேத்துதான் படிச்சேன்டா. மன்னிச்சிடு."

"அப்ப அதுதான் மொதல்ல படிச்சுச்சா?"

"ஆமா."

சாந்தினி பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கோபமாக இல்லை, யோசித்துத்தான் சொன்னாள். "அதுகிட்ட நான் சொல்லலயே டீச்சர்."

எப்ப வேணும்னாலும் எங்கிட்ட வந்து பேசு, நான் இங்கதான் இருக்கேன், பள்ளிக்குப் பின்னாலதான் வீடு என்றார் டீச்சர். "சரி டீச்சர்," என்றாள் சாந்தினி. பிள்ளைகள் டீச்சர்மாரிடம் சொல்கிற அதே 'சரி டீச்சர்'.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கட்டுரை. தலைப்பு, 'மழை நாள்'. டீச்சர் மதியம் முழுதும் உட்கார்ந்து பதினொன்றையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வெளியே பனி இறங்கி ஜன்னலை மூடியது தெரியாமல் படித்தார். கோகிலன் வீட்டில் கூரை ஒழுகுகிறது. ரூபனுக்கு இடி என்றால் பயம். நான்கு வருடமாகப் பாடம் நடத்தியும் இதெல்லாம் தெரியாமல் இருந்ததே என்று இருந்தது.

சாந்தினியின் தாளைக் கடைசிக்கென்று வைத்திருந்தார். நான்கு பத்தி. முன்னுரை, கருமேகம், குடை, தவளைச் சத்தம், மழை இயற்கையின் கொடை என்று முடிவுரை. ஒரு பிழை இல்லை. அதில் அப்பா இல்லை, அம்மா இல்லை, மெஷின் இல்லை, மழையில் நனைய ஒரு மனிதர்கூட இல்லை. எங்கேயாவது ஒரு வார்த்தை தப்பித்தவறி விழுந்திருக்காதா என்று டீச்சர் மூன்று முறை படித்தார். பிறகு நோட்டை எடுத்து, சிவப்பு மையில், தன் சொந்த வார்த்தையில், 'மூன்று முறை படித்தேன்' என்று எழுதினார். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. அந்த வரிக்குக் கீழே சாந்தினி நல்ல கையெழுத்தில் 'நன்றி டீச்சர்' என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.