மெழுகுப் பல்லும் என் தங்கச்சியும்

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். என் விஷயத்தில் இரண்டு பேருடைய சொல் போனது. தங்கச்சிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது அடைத்துவிட்டது. அன்றிலிருந்து என் உதட்டைப் பார்த்துத்தான் ஊர் உலகத்தைத் தெரிந்துகொள்கிறாள். நாங்கள் இருவரும் சேர்ந்து தையல் கடை நடத்துகிறோம். வருகிறவர்கள் துணியைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பார்கள். நான் அவள் பக்கம் திரும்பி, "கை அரை இஞ்ச் இறக்கணுமாம்" என்றால் போதும், கத்தரி ஓட ஆரம்பித்துவிடும்.

ஆடிக்கொண்டிருந்த என் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறட்டும் என்று சில மாதம் பொக்கை வாயோடு விட்டார்கள். அப்போதுதான் வினை வந்தது. நான் கழுத்தைப் பற்றிச் சொன்னால் அவள் பாக்கெட் வைத்துத் தைத்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கண்ணத் தொறந்து பாருடி!" என்று கத்துவேன். காது கேட்காதவளிடம் கத்தி என்ன பிரயோஜனம்? கொஞ்ச நாளில் அவள் என்னிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டாள். கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான் மிச்சம். நான் பயந்துபோனது அப்போதுதான்.

பல் டாக்டர் சின்னப் பெண், ஆனால் நிதானமானவள். தாடை எலும்பில் திருகாணி இறக்கி நிலையாகப் பல் பூட்டலாம், ஆனால் என் எலும்பு தேய்ந்திருப்பதால் அது சரிப்படாது என்றாள். நாலு பல்லாவது மிச்சமிருந்தால் அதைப் பிடித்து நிற்கிற மாதிரி பாதி செட் போடலாம். எனக்கு அதற்கும் வழியில்லை. கழற்றி மாட்டுகிற முழு செட்தான் என்று சொல்லிவிட்டு, "நீங்க யாருகிட்டம்மா அதிகமா பேசுவீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். விஷயத்தைச் சொன்னேன்.

முதலில் பல்லை மெழுகில் நிறுத்தி வாயில் வைத்துப் பார்ப்பார்களாம். கெட்டியாக்குவதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். கண்ணாடியில் பார்த்தேன், இருபது வயது குறைந்திருந்தது.

"ஜோரா இருக்கு டாக்டர், இதையே முடிச்சிடுங்க."

"கண்ணாடி சொன்னா பத்தாதும்மா" என்று வெளியே இருந்த தங்கச்சியை அழைத்து வந்து என் எதிரில் உட்காரவைத்தாள்.

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பேசினேன். தங்கச்சி உதட்டைப் பிதுக்கினாள். "பல்லு நீளம். உதடு ஒட்டவே மாட்டேங்குது."

டாக்டர் மெழுகை இளக்கிப் பல்லை மேலே ஏற்றினாள். மறுபடி பேசினேன். இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டினாள் தங்கச்சி. துணியில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவள், என் வாயை மட்டும் விடுவாளா? மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ சரியான வாயாடிடி!"

"யாரு, நானா? வாய்க்குப் பல்லு கட்டிக்கிறது நீ!" என்று பட்டென்று பதில் வந்தது.

எத்தனை மாதம் கழித்து இப்படி ஒரு எதிர்ப்பேச்சு! எனக்குக் கண்ணீர் கொட்டியது. "அழாதீங்கம்மா, மெழுகு நகர்ந்துடும்" என்றாள் டாக்டர்.

பல் வந்த பிறகு டாக்டர் சொன்னபடியெல்லாம் செய்தேன். சாப்பிட்டதும் மெல்லிய பிரஷ்ஷால் கழுவினேன். கைதவறி விழுந்தாலும் உடையாமலிருக்கக் கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டேன். வளைந்துவிடும் என்பதால் வெந்நீர் காட்டவில்லை. தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போடச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. கழற்றினால் பழைய மௌனம் திரும்பிவிடுமே என்று பயம். ஈறு புண்ணாகி, தண்ணீர் குடித்தாலே எரிந்தது.

ஒரு காலையில் நான் முகம் சுளித்ததைத் தங்கச்சி பார்த்துவிட்டாள். டப்பாவில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

"கழட்டு."

கழற்றினேன். கை தானாக வாய்க்குப் போனது. அவள் அதைப் பிடித்து இறக்கினாள்.

"இப்பப் பேசு."

"இந்த வாய் உனக்குப் புரியாதேடி."

"புரியுதே." அவள் இன்னும் என் கையை விடவில்லை. "பல்லு எடுத்ததுலேருந்து நீ கையால வாய மூடிக்கிட்டேதானே பேசினே. உதட்டத்தான்க்கா படிப்பேன், கைய எப்படிப் படிக்கிறது?"

பொக்கை வாயை நன்றாகத் திறந்து, "நீ இல்லேன்னா நான் என்னடி ஆயிருப்பேன்" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

"புரியலையா?"

"புரிஞ்சுது. இன்னொரு தடவ சொல்லு."