யாரும் தொடாத பத்து நிமிடம்

இயந்திரம் முடியளவு குழாயாக வார்க்கும் உயிரணுக் கூழ், தானாகவே ஒன்றுகூடி ரத்தக்குழாயின் சுவராக வேண்டும். ஆய்வு மாணவியான அவள் இதுவரை வார்த்த பதினொரு குழாய்களும் ஒழுகின. இன்றும் ஒழுகினால் ஆய்வில் அவளுக்கு இடமில்லை.

வார்த்த கையோடு, கசிவு பார்க்கச் சாயம் ஏற்றப் போனவளைச் சீனியர் சீண்டினான்.

"இதுவும் ஊத்திக்கத்தான் போகுது. வீட்ல யாராவது படிச்சிருந்தா நிதானம் வந்திருக்கும்."

"வீட்டை இழுத்தீங்கன்னா மரியாதை கெட்டுடும், அண்ணா." பத்து நிமிடம் அவனை வறுத்தெடுத்துவிட்டுத்தான் திரும்பிக் குழாயில் சாயத்தை ஏற்றினாள்.

சிவப்புச் சாயம் ஒரு சொட்டும் கசியாமல் மறுமுனைக்கு ஓடியது.

"இத்தனை நாளா அது கூடறதுக்கு நான்தான் நேரமே விடலையா?" என்று முணுமுணுத்தாள்.

"அப்ப எனக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றான் சீனியர்.

"திட்டு வாங்கினதுக்கா?" என்றவள், நாற்காலியில் சாய்ந்து, பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.