பிரெஞ்சுச் சிப்பியும் மரகதவல்லி மாமியின் மூக்கும்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாதா கோயிலில் ஒருத்தி பிள்ளை வரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு ஏற்றினாள். நான் சிப்பிக்கு ஏற்றினேன். சிப்பி பதமாக வெந்து, சாறு பக்குவமாகத் திரண்டு, ஒரு பிரெஞ்சுக்காரர் நாக்குக்கு அது பிடித்துப்போக வேண்டும் தாயே என்று முழங்காலில் நின்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். என் புருஷன் வீட்டோடு இருப்பாரா, மறுபடியும் கப்பலேறுவாரா என்பது அந்தச் சிப்பியில்தான் இருந்தது. அவளுக்கு என்ன போச்சு?

என் புருஷன் செபாஸ்டின் கப்பலில் சமையல் செய்கிற குசினிக்காரர். பிரெஞ்சுக் கப்பல்களில்தான் அதிகம் இருந்திருக்கிறார். ஊருக்கு வந்தால் ஒன்றரை மாசம், மிஞ்சினால் இரண்டு மாசம். வாசனைச் சோப்பு வரும், நைலான் சேலை வரும், டின் டின்னாகச் சாமான் வரும், ஆள் மட்டும் நிலைக்கமாட்டார். பிள்ளைகள் இரண்டும் அப்பா முகத்தைப் பழகி மடியில் ஏறுவதற்குள் பம்பாய் ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்துவிடும். அந்தத் தடவையும் வந்துவிட்டது. திங்கட்கிழமை ரயிலேறு, கப்பல் காத்திருக்கிறது, வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று. நான் தந்தியை வாங்கி அரிசிப் பானைக்கு அடியில் சொருகிவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

அன்று சாயங்காலம்தான் பக்கத்து வீட்டு வரது சார் ஒரு சேதி கொண்டுவந்தார். அவருக்குப் புதுத் துறைமுகம் கட்டுகிற ஆபீசில் கணக்கு வேலை. தென்திருப்பேரை ஐயங்கார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பின்புறம் ஒரே மதில், மார்பு உயரம்தான். துறைமுக வேலைக்கு வந்திருக்கிற பிரெஞ்சு இன்ஜினியரின் பங்களாவில் சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டானாம். துரை பன்னையும் வாழைப்பழத்தையும் தின்று பொழுதை ஓட்டுகிறாராம். நல்ல ஆள் கிடைத்தால் உடனே வேலை, துறைமுகம் முடிந்த பிறகும் அந்தப் பங்களாவில் ஆள் தேவைப்படும் என்றார். எனக்கு அப்படியே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

செபாஸ்டின் மறுநாளே போய்ப் பார்த்தார். துரை லேசுப்பட்டவர் இல்லை. பிரெஞ்சுச் சமையல் தெரியும் என்று வந்தவன் எல்லாம் எனக்கு ஆம்லெட்தான் போட்டான், ஆகையால் நீ எங்கள் ஊர்ச் சிப்பியைச் செய்து காட்டு என்றாராம். பங்களாவில் ஓவன் கிடையாது, உன் வீட்டில் இருக்கிற அடுப்பில் செய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே வந்து சாப்பிடுகிறேன் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அது என்ன பெரிய சிப்பி என்று கேட்டேன். விசிறி மாதிரி வரிவரியாக ஓடு இருக்குமே, அதுதானாம். சங்கு குளிக்கிறவர்கள் கையில் பட்டால் தூரத் தள்ளுகிற சாமான்! அதன் சதையை எடுத்து, வெண்ணெயில் மாவை வறுத்துப் பாலாடையும் முட்டை மஞ்சளும் சேர்த்த வெள்ளைச் சாற்றில் கலந்து, திரும்ப அதே ஓட்டில் நிரப்பி, மேலே ரொட்டித்தூள் தூவித் தணலில் சிவக்க வைக்க வேண்டுமாம். மிளகாய் எப்போது போடுவிய என்று கேட்டேன். மிளகாயே கிடையாதாம். இதைத் தின்னவா கப்பல் கட்டி ஊர் ஊராகப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

சிப்பிக்கு என் தம்பி லசால் இருந்தான், சங்கு குளிக்கிறவன். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கரையில் போய் நின்று, அவன் சாக்கில் கொண்டுவந்ததை வாங்கினோம். திரும்பும்போது பிடித்தது மழை. மார்கழி மழை, எலும்புவரை நனைந்தோம். சனிக்கிழமை இருவருக்கும் காய்ச்சல். பிள்ளைகளை மணப்பாட்டில் என் அம்மா வீட்டுக்கு முன்பே அனுப்பியிருந்தேன், அது ஒன்றுதான் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. ஆனால் மூக்கு அடைத்த அடைப்பில் காப்பியா வெந்நீரா என்று தெரியவில்லை. வாயில் எதை வைத்தாலும் வேப்பங்காய். அவரிடம் கேட்டேன், அவருக்கும் அதே கதி. வெறும் விரலில் உப்பை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, கசக்குதுளா என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தால் ஆகுமா? எழுப்பிவிட்டேன். அவர் கத்தியை எடுத்தார். சிப்பியைத் திறக்கிற அழகு இருக்கிறதே, கண் வைத்துவிடக்கூடாது. நம் கடல் சிப்பி சின்னது, அவர்கள் ஊரில் ஒன்று உள்ளங்கை அளவாம். ஆகவே ஓட்டுக்கு மூன்று சதை என்று வைத்தார். தெருமுனை பேக்கரியில் மக்ரூனுக்கு வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு மஞ்சளைத் தள்ளிவிடுவார்கள், அதில் ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மணல் பரப்பி வைக்கிற அண்டா இருக்கவே இருந்தது. அடியில் நெருப்பு, மூடியின் மேல் தணல். ஓவனாவது கீவனாவது!

மாவை வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூக்கில்லை, குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பிலோமினா, மாவு கருகறது. இறக்கு."

வரது சாரின் சம்சாரம் மரகதவல்லி மாமி. நான் மீன் பொரிக்க ஆரம்பித்தால் பின்கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர். அன்று பின்கட்டில் தயிர் கடைந்துகொண்டிருந்ததால் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். நான் சட்டியை இறக்கினேன். பார்த்தால் அடியில் செம்மண் நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அத்தனையும் பாழ். நான் மதிலருகே ஓடிப்போய் எங்கள் கதையை எல்லாம் கொட்டினேன். தந்தியைச் சொல்லும்போது அழுதேவிட்டேன். மாமி கடைவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியவர், மூக்கைத் திறந்துகொண்டு நின்றார். கேட்டதற்கு, அப்புறம் தலைக்கு ஊற்றிக்கொண்டால் போகிறது என்றார்.

அதற்குள் செபாஸ்டின் பாலாடை, மஞ்சள் கரு எல்லாம் சேர்த்து, உப்பும் போட்டு, கொதி வருவதற்கு முன்னால் இறக்கியிருந்தார். முட்டை என்ற பேச்சு வந்தபோது மாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆவி மதிலைத் தாண்டியது. கண்ணைத் திறக்காமலே, உப்பு ஏறிவிட்டது என்றார்.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. எத்தனை கப்பல், எத்தனை கேப்டன் சாப்பிட்ட கை! உப்புக்கு ஏது மாமி வாசனை என்று மரியாதையாகத்தான் கேட்டார், ஆனால் காது சிவந்திருந்தது.

"உப்புக்கு வாசனை கிடையாது. அது ஏறினா மத்ததோட வாசனையை அமுக்கிடும். இத்தனை பாலாடை விட்டிருக்கேள், ஆவியில பாலே இல்லையே."

அப்புறம்தான் மாமி சொன்னார். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதற்கு, அதாவது படைப்பதற்கு, முன்னால் அவர்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டார்களாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ருசி பார்த்துச் சமைத்ததே இல்லை. கொதிக்கிற சத்தமும், தன்னால் வந்து மூக்கில் ஏறுகிற ஆவியும்தான் கணக்கு. சரியாக இருந்ததா இல்லையா என்பது அவருக்கும் சாப்பிடுகிறவர்கள் சொன்னால்தான் தெரியும்.

செபாஸ்டின் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மீனே தின்னாத அம்மாள் சிப்பிக்கு உப்புச் சொல்கிறார். கொட்டிவிட்டு மறுபடி செய்தால் மஞ்சள் கரு ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். துரை வருகிற நேரமும் நெருங்கிவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என் நாக்கும் போச்சு, உங்க நாக்கும் போச்சு. இங்கன உசுரோட இருக்கது ஒரே ஒரு மூக்கு. அது சொல்லுததைக் கேளுங்க."

அவர் வெண்ணெய் டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கப்பலில் அவர் பழகியது உப்பில்லாத வெண்ணெய். இது கடையில் வாங்கிய டின், உப்புப் போட்டது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கடல் சிப்பியில் ஏற்கெனவே உப்பு, அதற்கு மேல் இவர் கைப்பழக்கத்தில் போட்ட உப்பு. துரை வாயில் வைத்திருந்தால் திங்கட்கிழமை ரயில்தான். நல்லவேளை, சதையை இன்னும் அதில் சேர்த்திருக்கவில்லை.

உப்பில்லாத வெண்ணெய்க்கு ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவது என்று அவர் கையைப் பிசைந்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? நான் மாமியைப் பார்த்தேன். மாமி தன் தயிர்ப்பானையைப் பார்த்தார். மார்கழி மாசம், ஐயங்கார் வீட்டு வெண்ணெய், போகிற இடமோ சிப்பி ஓடு. கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மாமி விடுவிடென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு வாழையிலைத் துண்டில் உருண்டையாக வெண்ணெயைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார்.

"பெருமாளுக்கு எடுத்து வச்சுட்டேன், இது எங்களுக்கு வச்சுண்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன ஆறதுன்னு நான் கேக்கப்போறதில்லை."

கேட்கமாட்டேன் என்றவர் கடைசிவரை அங்கேயே நின்றார். மாவு பொரிந்தது போதும் என்றார். பாலை இப்போது விடு என்றார். உப்பை நான் சிட்டிகை சிட்டிகையாகப் போடப்போட ஆவியைப் பிடித்துப்பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினார். சதையைச் சேர்த்ததும் ஒரு மணம் வந்ததாம், பசும்பால் சுண்டுகிற மணமும் மழைக்கு முந்தின கடற்கரை மணமும் சேர்ந்து. அதை அவர் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். கப்பலில் இருந்து கொண்டுவந்த திராட்சை ரசத்தைச் செபாஸ்டின் ஊற்றியபோது, இது என்ன புளித்த வாடை என்றார். எங்க கோயில் பூசைக்கு வைக்கிற ரசம் மாதிரி மாமி என்று சமாளித்தேன். அண்டாவில் ஓடுகளை அடுக்கி மூடித் தணலைப் பரப்பினோம். ரொட்டித்தூள் சிவந்துவிட்டது, இன்னும் விட்டால் கசக்கும் என்று மாமி சொன்ன நிமிஷம் மூடியை எடுத்தோம். பொன் நிறம்! எனக்கு அதைப் பார்த்தே பாதி உயிர் வந்தது.

துரை வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார், அவ்வளவு உயரம். ஒரு ஓட்டை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். நான் குசினி வாசலில் செபமாலையை இறுக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாவது ஓடும் காலியானது. அப்புறம் பன்னைப் பிய்த்து ஓட்டைத் துடைக்கிறார், பூனை நக்கின சட்டி மாதிரி ஆக்கிவிட்டார். மூன்றாவதை எடுக்கும்போது என்னவோ கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவர் பேசின பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் கை பேசியது தெரிந்தது. முதலில் தன் நாக்கைக் காட்டிக் கையை விரித்தார். அடுத்து மூக்கைக் காட்டினார். அடுத்து மதிலைக் காட்டினார். பாவி மனுஷன் எல்லாவற்றையும் உளறிவிட்டார்! நான் கதவுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிய தலை யார் கண்ணில் பட்டது?

துரை எழுந்தார். கையில் காலி ஓட்டோடு நேரே பின்புறம் நடந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மாமி தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் முடிச்சோடு நின்றார். பக்கத்தில் வரது சார். துரை தலை குனிந்து இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். வரது சார் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். உப்பு சரியாக இருந்ததா என்று மட்டும் கேளுங்கோ என்றார்.

வரது சார் கேட்டார். துரை துடைத்த ஓட்டை மதில்மேல் கவிழ்த்து வைத்துத் தட்டிக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. மாமி ஓட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் திருப்பிய முகம் முழுக்கச் சிரிப்பு. வேலை விஷயத்தை வரது சார்தான் எங்களுக்குச் சொன்னார். ஒன்றாம் தேதி வரட்டும், நாக்குப் போனதை மறைக்காத குசினிக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன், இனிமேல் சளி பிடித்தால் மட்டும் அடுப்புப் பக்கம் வராமல் லீவு எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம்.

திங்கட்கிழமை காலையில் பம்பாய்க்குத் தந்தி போனது, வரவில்லை என்று. அன்று ரயில் அவர் இல்லாமல் போனது. நான் ஸ்டேஷன் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு மூக்குத் திறந்துவிட்டது. சாளை மீன் குழம்பை ஒரு வாய் வைத்தவர், புளி கூடிட்டுளா, எப்பவும் உனக்குப் புளியில நிதானமே கிடையாது என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கரண்டியைக் கீழே போட்டேன். என் கைப் புளி பிடிக்காவிட்டால் பங்களாவில் போய்ப் பிரெஞ்சுக் குழம்பு தின்னுங்க என்றேன். அவரும் விடவில்லை. அவர் அம்மா வரைக்கும் போனேன், அவர் என் தம்பி வரைக்கும் வந்தார். தெருவே கேட்டிருக்கும். மாமி பதறிக்கொண்டு மதிலருகே வந்து, என்னடி ஆச்சு, அழறயா சிரிக்கறயா என்று கேட்டார்.

இரண்டும்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வார்த்தை முறைத்துப் பேசியதில்லை. நாளை மறுநாள் கப்பலேறுகிற மனுஷனிடம் எந்தப் பெண்டாட்டிக்குச் சண்டை போட மனசு வரும்? புளி கூடினாலும் வாயை மூடிக்கொண்டு தின்பார், நானும் வாயை மூடிக்கொண்டு பரிமாறுவேன், விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி.

"சண்டை மாமி, எங்க வீட்டுக்காரரோட சண்டை" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். உள்ளேயிருந்து அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். இருங்க வாரேன், மிச்சத்தையும் பேசித் தீர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் உள்ளே போனேன்.